குறி தப்பினால் பயிற்சி போதவில்லை என்று பொருளா?

2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டம் ஒன்று நடந்தது. ஜப்பானுக்கு எதிராக இந்திய அணிக்கு 15 பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கோலானது. ஆட்டமும் 1-1 என டிராவில் முடிந்தது. பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே இன்னொருவர் அதை நிறுத்த, மூன்றாமவர் மட்டையோடு இழுத்துச் சுழற்றி வீசுவதுதான் பெனால்டி கார்னரின் முக்கிய ஆயுதமான டிராக் ஃப்ளிக். எதிரே கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். இந்த ஒரே வீச்சை ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் 14 முறை தவறவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். “என்னதான் பிராக்டிஸ் பண்றாங்களோ!” என்பது மைதானத்தில் மிகச் சுலபமாக வந்துவிழுகிற வசவு. ஆனால் அந்த வசவுக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. குறிபார்த்து அடிக்கும் திறன் பயிற்சியால் உண்மையிலேயே கூடுகிறதா? கூடுகிறது என்றால் அது ஏன் ஸ்கோர் கணக்கில் தெரிவதில்லை?

இந்தக் கேள்வியை நம்மைவிட நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவர்களுடைய ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி. அவற்றுக்கும் வெளிக் கம்பங்களுக்கும் இடையே போனால் 1 புள்ளிதான். சக வீரர் 15 மீட்டருக்குக் குறையாமல் உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால், நின்று நிதானித்துக் குறிபார்த்து உதைக்கலாம். யாரும் குறுக்கே பாய்ந்து தடுக்க முடியாது. இவ்வளவு சலுகை இருந்தும் உதைகளில் கணிசமான பங்கு 1 புள்ளியோடு போய்விடுகிறது. ஆட்டமே வீரர்களின் முழுநேரத் தொழிலாகி, பயிற்சியாளர்களும் கேமராக்களும் பெருகிய பிறகும் இந்த விகிதம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக உயரவில்லை. அந்த ஆட்டத்தின் உச்ச லீக்கில் வாழ்நாளில் மிக அதிகமாக 1,360 கோல் அடித்த டோனி லாக்கெட்கூட, 590 முறை அந்த ஒற்றைப் புள்ளியோடு திரும்பியவர். பத்துக்கு மூன்று தப்பிய குறி அது. இதை வைத்துத்தான் அங்கே ஒரு சாரார், “குறி என்பது பிறவியில் வருவது, பயிற்சி பயனற்றது” என்கிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த உதை எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்துவிடலாம். நடுக் கம்பங்களின் இடைவெளி 6.4 மீட்டர். 40 மீட்டர் தூரத்தில் நேர் எதிரே நிற்பவருக்குத் திறந்திருக்கும் கோணம் 9 டிகிரிக்குச் சற்று மேல். அதாவது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் நாலரை டிகிரி வரை பிசகலாம். தூரம் 50 மீட்டரானால் கோணம் சுமார் 7 டிகிரியாகச் சுருங்கும். அதே 40 மீட்டரில், ஓரமாக 45 டிகிரி சாய்வில் நின்றால் ஆறரை டிகிரிதான் மிஞ்சும். தற்காப்பு அணியினர் பந்து வைத்திருப்பவரை இயன்றவரை ஓரத்துக்குத் தள்ளுவது இதனால்தான். காற்றையும், நீளவாக்கில் சுழன்றபடி போகும் பந்தையும், அதுவரை பல கிலோமீட்டர் ஓடிக் களைத்த கால்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எதைத்தான் மாற்றுகிறது? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பக்கத்து ஊர் மணிமங்கலத்துக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். துளையிடும் எந்திரம் எப்போதும் 2 மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியே துளைத்தால் செட்டிங்கை மாற்றினால் போதும். ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று சிதறினால் செட்டிங்கைத் தொட்டுப் பயனில்லை. ஃபிக்சர் ஆடுகிறதா, ட்ரில் பிட் தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உதைப்பவரின் பிழையும் இப்படி இரண்டு வகை. ஒரே பக்கம் இழுக்கும் பழக்கத்தை நல்ல பயிற்சியாளர் சில வாரங்களில் நேராக்கிவிடுவார். சிதறல் அப்படி இல்லை. அது மெதுவாகத்தான் குறையும், முழுவதும் மறையவே மறையாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரது உதையின் திசையில் திட்ட விலக்கம் (அதாவது சிதறலின் அளவு) 5 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 40 மீட்டர் நேர் உதையில் 100க்கு 64 கோலாகும். கடும் பயிற்சியால் சிதறலைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து நாலரை டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் 69தான் ஆகும். உழைப்பு பெரிது, ஸ்கோரில் தெரிவதோ நூற்றுக்கு ஐந்து.

அந்த ஐந்துமே கண்ணில் படாமல் போகலாம். ஒரு சீசனில் 70 உதை உதைக்கும் வீரரின் விகிதம், திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, வெறும் தற்செயலால் 6 சதவீதம் ஏறவோ இறங்கவோ செய்யும். பயிற்சியால் 5 சதவீதம் தேறியவர் அந்த ஆண்டு துரதிர்ஷ்டத்தால் கீழே இறங்கியும் தெரிவார். எழும்பூர் ஆட்டத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நான்கு பெனால்டி கார்னருக்கு ஒன்றைக் கோலாக்கும் தரமுள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்ப்பும் தனித்தனி என்று கொண்டால், அந்த அணி 15 வாய்ப்பில் ஒரு கோலோடோ அதுவும் இல்லாமலோ திரும்புவது ஏறத்தாழ 12 முறைக்கு ஒருமுறை நடக்கும். வருந்தத்தக்க நாள்தான், ஆனால் வீரர்கள் சோம்பேறிகள் என்பதற்கு அது சான்றாகாது. அதே இந்திய அணி ஆகஸ்ட் 12ஆம் தேதி இறுதியாட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என வென்று கோப்பையை வாங்கியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தனி வீரருக்குத் தற்செயல் என்று சொல்லலாம். ஒரு லீக் முழுவதும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் உதைக்கும்போது தற்செயல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுமே, அப்போதும் சராசரி ஏன் உயரவில்லை? நியாயமான கேள்வி. தற்காப்பு வலுத்ததால் உதைகள் கடினமாகிவிட்டன என்று ஆஸ்திரேலியாவுக்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் அந்தச் சமாதானம் எடுபடாது. அங்கே ஃப்ரீ த்ரோ கோடு 15 அடியில் நகராமல் இருக்கிறது. காற்று கிடையாது, தடுப்பவர் கிடையாது. அப்படியிருந்தும் அரை நூற்றாண்டாக லீக் சராசரி 75 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. மாறாக, அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோல் 1960களில் இரண்டுக்கு ஒன்றைவிடச் சற்றே மேலாக இருந்தது. இன்று 85 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு லீக்கிலும் பணமும் பயிற்சியும் பெருகத்தான் செய்தன. அப்படியானால் வேறுபாடு எங்கே?

ஃப்ரீ த்ரோ எறிபவர் அதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர் அல்ல. உயரத்துக்கும் வேகத்துக்கும் தடுப்பாட்டத்துக்கும் எடுக்கப்பட்டவர். யார்மீது ஃபவுல் நடந்ததோ அவர்தான் எறிய வேண்டும். என்எஃப்எல் உதைப்பாளருக்கோ அது ஒன்றே வேலை. 1964இல் பீட் கோகோலாக் காலின் உட்புறத்தால், நம்மூர் கால்பந்து பாணியில் உதைத்துக் காட்டியபின் மற்றவர்களும் அதற்கு மாறினார்கள். பந்தை எறிந்து கொடுப்பவரும் அதைப் பிடித்து நிறுத்துபவரும்கூடத் தனிப் பயிற்சி பெறத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய ஆட்டம் இதில் கூடைப்பந்தின் பக்கம்தான் நிற்கிறது: பந்தைப் பிடித்தவரே உதைக்க வேண்டும். ஆகவே லீக் சராசரி என்பது பயிற்சியின் பலனை அளக்கும் கோல் அல்ல. அணிகள் தங்கள் ஆள்தேர்விலும் நேரத்திலும் அந்தத் திறனுக்கு எவ்வளவு ஒதுக்குகின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது.

சரி, ஒதுக்கிய நேரத்தை எப்படிச் செலவிடுவது? ஆய்வுகள் இங்கே தெளிவாகவே பேசுகின்றன. 1978இல் கெர், பூத் இருவரும் 8 வயதுச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு 3 அடி தூரத்து இலக்கில் சிறு பையை எறிந்து பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறி எறிந்தது. 3 அடியில் எறியவே இல்லை. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது முந்தியது இந்த இரண்டாவது குழுதான். 1994இல் ஹால், டொமிங்கஸ், கவாசோஸ் மூவரும் கல்லூரி பேஸ்பால் வீரர்களுக்குக் கூடுதல் மட்டையடிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே வகைப் பந்தை அடுக்கடுக்காகச் சந்தித்தவர்கள் 25 சதவீதம் முன்னேறினார்கள். எந்த வகைப் பந்து வரும் என்று தெரியாமல் கலந்து சந்தித்தவர்கள் 57 சதவீதம் முன்னேறினார்கள். ஒரே இடத்தில் நின்று நூறு அடித்தால் பயிற்சி நேரத்தில் கை நன்றாகப் பழகிவிட்டதுபோல் தெரியும். முதல் உதையில் கண்ட பிழையை இரண்டாவதில் திருத்திவிடுகிறோமே! ஆட்டத்தில் இரண்டாவது உதைக்கு இடமில்லை.

இதற்கு மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. 2005இல் கீச்சும் உடனாய்வாளர்களும் தேர்ந்த கூடைப்பந்து வீரர்களைப் பல தூரங்களிலிருந்து எறியச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உள்ள தூரங்களை வைத்துப் பார்த்தால் 15 அடியில் எவ்வளவு துல்லியம் வர வேண்டுமோ, அதைவிடக் கூடுதலாகவே வந்தது. ஆயிரமாயிரம் முறை அதே கோட்டில் நின்று எறிந்த பலன் அது. ஆக, ஒரே இடத்துப் பயிற்சியும் வீணல்ல. ஆட்டத்திலும் அதே இடம் வரும் என்ற உறுதி இருந்தால் அது பயன் தரும். ஆஸ்திரேலிய உதைக்கு அப்படி ஓர் இடம் கிடையாது.

பிறவித் திறமை என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் 2020 ஐபிஎல்லில் வேறு எவரையும்விட அதிக யார்க்கர் வீசினார். அந்த யார்க்கர் அகாடமி வலைப் பயிற்சியில் வந்ததல்ல. டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில், ஆட்டத்துக்குள்ளேயே, எதிரே ஒருவர் தூக்கியடிக்கக் காத்திருக்கையில் வீசி வீசிப் படிந்தது. பிறகு பந்துவீசும் முறைமீது சந்தேகம் எழுந்தபோது அதையும் மாற்றியமைத்துக்கொண்டு திரும்பி வந்தார். பிறவியிலேயே அமைந்ததை அப்படிக் கலைத்துக் கட்ட முடியாது.

பதற்றத்தைப் பயிற்சியில் கொண்டுவர முடியாது என்பது மிஞ்சியிருக்கும் மறுப்பு. பாதி உண்மை. கால்பந்து பெனால்டி ஷூட் அவுட்டுகளை ஆராய்ந்த நார்வேயின் கெய்ர் யோர்டெட், அடித்தால் வெற்றி என்ற நிலையில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கோலாவதையும், தவறினால் தோல்வி என்ற நிலையில் அது ஆறளவுக்கு இறங்குவதையும் காட்டினார். பந்து அதேதான், தூரமும் 11 மீட்டரேதான். முழுப் பதற்றத்தைப் பயிற்சி மைதானத்தில் உண்டாக்க முடியாதுதான். ஆனால் அதில் ஒரு பங்கையேனும் உண்டாக்கலாம். ஷூட் அவுட்டில் தோற்பதற்கே பேர்போன இங்கிலாந்து, களைத்த கால்களோடு உதைப்பது, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்து வருவது, அவசரப்படாமல் மூச்சு வாங்கி உதைப்பது என்று பழகிய பிறகு 2018 உலகக் கோப்பையில் கொலம்பியாவை வென்றது. 2021 யூரோ இறுதியில் இத்தாலியிடம் தோற்கவும் செய்தது. பயிற்சி வெற்றிக்கு உத்தரவாதம் தராது, வாய்ப்பைக் கூட்டும்; அவ்வளவுதான். எழும்பூரில் அந்த ஒற்றைக் கோலை அடித்த ஹர்மன்பிரீத் சிங்தான் ஓராண்டு கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என வீழ்த்திய இரண்டு கோல்களும் அவர் அடித்த பெனால்டி கார்னர்களே.

உடம்புக்கும் ஓர் எல்லை உண்டு. டிராக் ஃப்ளிக் அடி முதுகைப் பிழியும்; நீண்ட உதை முன்தொடைத் தசையை இழுத்துவிடும். தொழில்முறை அணிகளே எண்ணித்தான் உதைக்க விடுகின்றன. ஷிஃப்டுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே மைதானம் கிடைக்கும் மணிமங்கலம் வட்டாரத்துக் கால்பந்து அணிக்கு இந்தச் சிக்கனம் இன்னும் அவசியம். ஒரே புள்ளியில் ஐம்பது பந்து உதைப்பதைவிட, பத்து இடங்களைக் குறித்து, இடத்துக்கு ஒரே ஒரு உதை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முழு ஓட்டம், கோலில் கீப்பர், சுற்றிலும் சத்தம் போடும் சக வீரர்கள் என்று பழகுவது கூடுதல் பலன் தரும். ஒவ்வொரு உதையையும் நோட்டில் எழுத வேண்டும்: எந்த இடம், கோலா இல்லையா, தப்பியது இடமா வலமா மேலேயா. 100 உதை சேர்ந்த பிறகும் ஐந்து கோல் முன்பின்னாக இருப்பது தற்செயலாக இருக்கலாம் என்பதால், மூன்று வாரக் கணக்கை வைத்து ஒருவரைப் பெனால்டி உதைப்பதிலிருந்து நீக்குவது நியாயமாகாது. ஆனால் தப்பிய 30 உதையில் 22 ஒரே பக்கம் போயிருந்தால் அது தற்செயல் அல்ல. பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் காலின் பாதம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அடுத்த ஞாயிறே முதல் வேலையாகப் பார்க்கலாம்.