மோப்பத்தின் வம்சம்

தொழிற்கூடங்களும் சரக்குக் கிடங்குகளும் புதுக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பெரும்பாலும் பால்மாடுகள் மேயும் பசும்புல் வெளியாகவே இருந்தது. அதை அடுத்துள்ள பக்குரங்காவின் பெயரைத் தாங்கி 1872-ஆம் ஆண்டில் ஸ்தாபிதமான வேட்டைச் சங்கமே, நியூசிலாந்தில் நாய்களைக் கொண்டு வேட்டையாடும் சங்கங்களுள் மிகப் பழமையானது என்பதை, இன்று அங்கே குடியேறி வாழும் நம்மவருள் பலர் அறிந்திருக்க நியாயமில்லை.

ஆங்கிலேயர் குடியேறிய தேசமெங்கும் தம் வேட்டை நாய்களையும் உடன் கொண்டு போனார்கள். கவர்னராயிருந்த ஸர் ஜார்ஜ் கிரே 1868-ஐ ஒட்டி ஒரு நாய்க் கூட்டத்தை இங்கே தருவித்தார் என்பது வேட்டைச் சங்கத்தார் போற்றும் சரித்திரம். நரி என்பதே இல்லாத நாடாகையால், 1851-இல் கான்டர்பரியில் கொண்டுவந்து விடப்பட்டுப் பின் பல்கிப் பெருகிய முயலே துரத்தப்படும் பிராணியாயிற்று. முயலைத் தொடர்வதற்கென்றே வளர்க்கப்பட்ட ஹாரியர் இனமும் இங்கே நிலைத்தது. நம் நீலகிரியிலோ, உதகை வேட்டைச் சங்கத்தார் இங்கிலாந்திலிருந்து பாக்ஸ்ஹவுண்டுகளை வரவழைத்து, 1890-களில் சென்னை கவர்னராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வழங்கும் புல்வெளிகளிலே, இங்கிலாந்தின் செந்நரி இல்லாத குறையை நம் நாட்டு நரியைக் கொண்டு தீர்த்துக்கொண்டார்கள்.

நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்ட முயலைக் கால் வேகத்தால் வெல்லும் ஜாதி. மோப்ப வேட்டைநாயின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. அது இரையைக் காண்பதில்லை. இரை எப்போதோ கடந்துபோன வழியை மண்ணிலும் புல்லிலும் தேடி, அறுந்த இடத்தில் சுற்றி வந்து மீண்டும் பற்றி, இரை ஓய்ந்து போகும் வரை தான் ஓயாமல் செல்கிறது. வேகத்தைக் காட்டிலும் இந்த விடாப்பிடியே என் மனத்தை மிகவும் கவர்கிறது.

இக்குணம் தானாக வந்ததன்று. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஜெனோபன், முயலின் தடத்தை முகர்ந்து செல்லும் நாய்களின் குணதோஷங்களைத் தனி நூலாகவே எழுதி வைத்தார். பின்னர் ஆர்டென் காட்டிலிருந்த புனித ஹூபர்ட் மடத்துத் துறவிகள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நாய்களே பிளட்ஹவுண்டின் மூதாதையர் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. குதிரைமேல் செல்வோருக்கு வேகமான பாக்ஸ்ஹவுண்டும், கால்நடையாகச் செல்வோருக்குச் சிறிய பீகிளும், புதர்களுக்குள் நுழையக் குட்டைக் கால் பாசெட்டும் என, வேட்டைக்காரனின் தேவைக்கு ஏற்ப இவற்றின் உருவம் வேறுபட்டது. மூக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுச் சொத்தாயிற்று.

அம்மூக்கின் அமைப்பு அதிசயமானது. மனிதனுக்கு ஏறத்தாழ 50 லட்சம் வாசனை உணர் அணுக்கள் என்றால், பிளட்ஹவுண்டுக்கு 30 கோடி வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். முகரும்போது உள்ளே செல்லும் காற்றில் ஒரு பகுதி, சுவாசத்துக்குரிய வழியை விட்டுப் பிரிந்து, மோப்பத்துக்கென்றே மடிப்பு மடிப்பாக அமைந்த பின்னறைக்குப் போகிறது. வெளிவிடும் மூச்சோ நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியேறுவதால், முன்னிருக்கும் வாசனை கலைந்துவிடுவதில்லை. குளிர்ந்து ஈரமான மண்ணில் வாசனை தங்கும், சுடுவெயிலில் மறையும். இங்கே வேட்டைப் பருவம் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பீகிளின் சாந்தமான முகத்தைக் கண்டு மயங்கி அதை வீட்டுக்கு அழைத்து வருவோர், அதன் பூர்வ தொழிலையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு வாசனை மூக்கில் ஏறிவிட்டால், எஜமானனின் குரல் அதன் செவியில் ஏறாது. வேலி திடமாயிராவிட்டால் நாய் அடுத்த தெருவில் இருக்கும். தடம் கண்டதும் நீண்ட குரலெழுப்புவது, பின்னால் வரும் வேட்டைக்காரனுக்கு வழி சொல்வதற்காக மனிதனே அதற்கு ஊட்டிய வழக்கம். அதைக் குற்றமென்று கொண்டு அடிப்பது கொடுமை. தினந்தோறும் நிதானமாக முகர்ந்து நடக்க விடுவதே அதற்குச் செய்யும் உபகாரம்.

அந்த மூக்குக்கு இந்நாட்டில் ஒரு ராஜாங்க உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. மவுண்ட் ராஸ்கில் பகுதியில் மத்தியதரைக்கடல் பழ ஈ காணப்பட்ட 1996-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து, இத்தகைய பூச்சிகள் பழங்களோடு உள்ளே வந்துவிடாதபடி, ஆக்லாந்து விமான நிலையத்தில் பயணிகளின் மூட்டைகளை நாய்கள் முகர்ந்து வருகின்றன. 2015-இல் கிரே லின்னில் குவீன்ஸ்லாந்துப் பழ ஈ தென்பட்டபோது அந்த ஓர் ஈயினத்தை ஒழிக்கவே மாதக்கணக்கில் பாடுபட நேர்ந்தது. குரலெழுப்புவதற்கென்றே பிறந்த பீகிள், இங்கே ஓசையின்றிப் பைக்கருகில் உட்காரப் பழக்கப்படுகிறது. அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலையோ மாம்பழமோ பெட்டியின் அடியில் இருந்து, அதைத் தெரிவிக்காமல் வருபவருக்கு 400 டாலர் அபராதம். முன்கூட்டியே எழுதித் தெரிவித்தவருக்குப் பொருள் போனாலும் போகலாம், அபராதம் இல்லை.