கட்டங்களுக்குள் ஓடும் காலம் – 6: சொல் விலகிய இடம்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் நிறுவனத்தில் படத்தைவிடச் சொல்லே முந்திக்கொண்டது. கதாசிரியர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் உரையாடலையும் விவரணைப் பெட்டிகளையும், அதாவது கட்டத்தின் மேற்பகுதியில் கதைசொல்லியின் குரலாக அமையும் வாசகங்களையும், முதலில் எழுதி முடிப்பார். அவை தாளில் பொறிக்கப்பட்ட பின்னரே அத்தாள் ஓவியரின் கைக்குப் போகும். மிஞ்சிய இடத்தில்தான் ஓவியர் வரைய வேண்டியிருந்ததால், பெட்டி முன்னரே சொல்லிவிட்டதைப் படம் மறுபடியும் காட்டும் நிலை அடிக்கடி நேர்ந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு அடங்க மறுத்தவர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன். நாஜி வதைமுகாம் ஒன்றின் முன்னாள் தலைவன், பல ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு முகத்தைக் கண்டு நடுங்குவதைச் சொல்லும் 'மாஸ்டர் ரேஸ்' 1955இல் வெளிவந்தது. ஆறு பக்கங்களுக்கு எழுதப்பட்டிருந்த அக்கதைக்கு எட்டுப் பக்கங்களைப் போராடிப் பெற்ற கிரிக்ஸ்டீன், எழுத்துப் பொறித்த தாள்களையே வெட்டிப் பிரித்து ஒட்டிப் புதிய கட்டங்களுக்கு இடம் உண்டாக்கினார். இறுதியில் அவன் தண்டவாளத்தில் விழ, விரையும் ரயிலின் சன்னல்களில் பயணியரின் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஓடுகின்றன. ஒரு நொடியைப் பல கட்டங்களாகப் பகுத்து, வேகத்தையும் மரணத்தையும் ஒருசேர உணர்த்திய இப்பக்கம் காமிக்ஸ் கலையின் உச்சங்களில் ஒன்று.

ஆயினும் அவ்வழி உடனே பரவவில்லை; அதற்கு விற்பனை முறையும் ஒரு காரணம். பத்திரிகைக் கடையில் இதழை எடுப்பவர் முந்தைய இதழைப் படித்திருப்பார் என்றோ, அடுத்ததை வாங்குவார் என்றோ உறுதியில்லாததால், நாயகன் தன் ஆற்றலையும் பழங்கதையையும் எண்ணக் குமிழ்களில் ஓயாமல் நினைவூட்ட வேண்டியிருந்தது. 1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேனின் முதல் கதையில் சிலந்திக்கடி, ஆற்றல், செருக்கு, பென் மாமாவின் மரணம், குற்றவுணர்வு அனைத்தும் 11 பக்கங்களில் முடிந்துவிடுகின்றன.

1970களில் ஃபில் சூலிங் தொடங்கிவைத்த நேரடி விற்பனை முறை, விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பாத தனிக் காமிக்ஸ் கடைகளையும், தொடர்ந்து வாங்கும் வாசகரையும் வளர்த்தது. தவறாமல் படிப்பவருக்கு ஒவ்வொன்றையும் விளக்கத் தேவையில்லை. ஆலன் மூரும் டேவிட் லாய்டும் 1982இல் பிரிட்டனில் தொடங்கிய 'வி ஃபார் வெண்டெட்டா' எண்ணக் குமிழ்களையும் ஒலிச்சொற்களையும் கைவிட்டது. மூர் டேவ் கிப்பன்ஸுடன் 1986–87இல் உருவாக்கிய 'வாட்ச்மென்', ஒன்பது கட்டப் பக்க அமைப்பின் சீரான தாளத்திலேயே வாசகரை நிறுத்தி, படங்களைக் கூர்ந்து நோக்கவைத்தது.

இதழ்களைத் தொகுத்து நூலாக விற்கும் வழக்கம் வலுத்தபின் கதையின் நடை மேலும் தளர்ந்தது. 2000இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் அதே ஸ்பைடர்மேனின் தோற்றத்தை, கிரீன் காப்ளினுடனான மோதலையும் இணைத்து, ஏழு இதழ்களுக்கு விரித்தனர். கிரிக்ஸ்டீன் சேர்த்த ஒவ்வொரு கட்டமும் ஒரு கணத்தின் கனத்தைக் கூட்டியது. பின்வந்த பலரோ வெறும் உரையாடலை நீட்டவே கட்டங்களைப் பெருக்கினர் என்ற குறை நியாயமானது. ஆனால் பென் மாமாவின் வகையில் அந்த விரிவு வீண்போகவில்லை: 1962இல் சில கட்டங்களில் மட்டுமே தோன்றி மறைந்தவர், இங்கே வீட்டில் பேசி, கண்டித்து, சிரித்து வாழ்ந்த பிறகே இறக்கிறார்.