எலுமிச்சையில் முள் உருவாவது எப்படி? இரு மரபணுக்கள் தரும் விளக்கம்

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் முட்கள் பழம் பறிப்போரின் கைகளைக் கிழிக்கின்றன. காற்று வீசும்போது பழத்தோலையும் கீறிவிடுகின்றன. இந்த முட்கள் உண்மையில் வளர்ச்சி நின்றுபோன கிளைகளே ஆகும்.

இலைக்கோணத்தில் தோன்றும் மொட்டில் குருத்தணுக்கள் உள்ளன. அவை தொடர்ந்து பிரிந்தால் கிளை உருவாகும். பிரிவது நின்றால் நுனி கூர்மையடைந்து முள்ளாகும். இதைத் தீர்மானிப்பவை, பிற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் வல்ல 'படியெடுத்தல் காரணிகள்' எனப்படும் புரதங்கள். அவற்றுள் 'டிசிபி' குடும்பத்தைச் சேர்ந்த இரு காரணிகள், குருத்தணுக்களைப் பேணும் 'வுஷெல்' மரபணுவை அடக்குவதால் முள் உருவாகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை 2020-ஆம் ஆண்டு விளக்கினர். வேர்ச்செடியாகப் பயன்படும் 'கரிசோ' என்ற கலப்பினத்தில், அக்காரணிகளுக்குரிய இரு மரபணுக்களையும் 'கிரிஸ்பர்' முறையில் அவர்கள் செயலிழக்கச் செய்தனர். அப்போது முட்கள் தோன்ற வேண்டிய இடங்களில் கிளைகள் வளர்ந்தன.

எலுமிச்சை அதிகம் விளையும் நாடுகளுள் ஒன்றான இந்தியாவுக்கும் இந்த அறிவு பயன்படக்கூடும். ஆயினும் முள் மறையும்போது கிளைகள் பெருகி, செடியின் வடிவமே மாறுகிறது. எனவே, இத்தகைய செடிகளின் விளைச்சலைத் தோட்டங்களில் சோதித்த பின்னரே விவசாயிகளுக்குப் பரிந்துரைக்க இயலும்.