மலைத்தடம் – 9: கல்லின் மேல் சக்கரம்

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் தாலுகாவில் இருக்கிறது. ஆனால் போடியிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. குரங்கணி வரை பஸ் போகும். அதற்கு மேல் அண்ணாந்து பார்க்கலாம், இல்லையென்றால் வனத்துறை அனுமதி கிடைத்தால் நடக்கலாம். 2018 மார்ச் 11 அன்று இந்தச் சரிவில் பிடித்த காட்டுத் தீயில், மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அனுமதியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செல்போன் வரைபடத்தில் பார்த்தால் குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் விரற்கடை தூரம்தான். அதை நம்பிக் காரைக் கொண்டுவந்து டீக்கடையில் வழி கேட்பவர்கள் இன்றும் உண்டு. சக்கரத்தில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறிக் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். பூப்பாறை, சின்னக்கானல் தாண்டிச் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் ஏற வேண்டும். சொந்த வீட்டு மொட்டைமாடிக்குப் போகப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டைக் கேட்பது போலத்தான்.

ஒரு காலத்தில் இந்த முகடுகளின் தேயிலை போடிப் பக்கமாகத்தான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள், இழுத்தது மாடு. 1908-ல் அது குறுகிய ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோய்விட்டது. பிறகு போக்குவரத்தெல்லாம் மேற்கே திரும்பியது.

சூரியநெல்லியில் வரிசைகட்டி நிற்கும் ஜீப்புகளில் பெரும்பாலானவை பழைய மஹிந்திராக்கள். சொந்த வண்டியை மேலே விடமாட்டார்கள். ‘தார்’ என்ற புதுவகை ஜீப்பில் பாட்டை அலறவிட்டு வந்த நான்கு இளைஞர்கள் இதற்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பரிதாபம் வரவில்லை. எதிரே வண்டி வந்தால் எந்த மூலையில் ஒதுங்குவது, எவ்வளவு தூரம் பின்னால் எடுப்பது என்பது இந்தப் பாதையில் தினம் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

மொத்தமே சுமார் 12 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் ஓட்டுநர். முப்பதைத் தாண்டாத பையன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் பாதை ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு தார் மறைந்தது, மண்ணும் மறைந்தது, கல் மட்டும் மிச்சம். எந்தக் காலத்திலோ பாவிய கருங்கற்களின் இடுக்கு மண்ணை மழை அரித்துவிட, ஒவ்வொரு கல்லும் தன் இஷ்டத்துக்குத் தலையைத் தூக்கி நிற்கிறது.

வண்டியை நிறுத்தி, ஃபோர் வீலைப் போட்டு ‘லோ’வுக்கு மாற்றினார். லோ போட்டால் வண்டி நடையாகிவிடும், சக்கரத்தின் இழுவையோ இரண்டு மடங்குக்கு மேல் கூடும். இன்ஜின் இரைகிறது, பக்கத்தில் நடப்பவர் முந்திப் போகிறார். சாகசம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு முதலில் பிடிபடாதது இதுதான். இந்தப் பாதையில் வேகம் எதற்கும் உதவாது.

ஒரு வளைவில் இரண்டு தடங்களுக்கும் நடுவே பானை அளவுக்கு ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டியிருப்பேன். அவர் ஸ்டியரிங்கை ஒடித்து, முன்பக்க இடது டயரை நேராக அந்தக் கல்லின் மேலேயே ஏற்றினார். என் தலை கூரைக் கம்பியில் இடித்தது.

“ஏன் தம்பி, ஒதுக்கிப் போயிருக்கலாமே?”

“நடுவுல விட்டா கிரவுன்ல அடிச்சிரும் சார். டயரு மேல ஏறுனா வண்டியே தூக்கிக்கிரும்ல.”

கிரவுன் என்று அவர் சொல்வது அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் இரும்புக் கூடு. சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. ஜீப்பின் அடிப்பக்கத்தில் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். மேடான கல்லை டயருக்குக் கொடு, பள்ளத்தை நடுவில் விடு. ஊரில் கார் ஓட்டிப் பழகியவன் கை இதற்கு நேர்மாறாகத்தான் திரும்பும்.

அவருடைய கட்டைவிரல்களையும் கவனித்தேன். ஸ்டியரிங் வளையத்துக்குள் போடாமல் வெளிவிளிம்பில் படுக்க வைத்திருந்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் முன்சக்கரம் கல்லில் மோதினால் வளையம் வெடுக்கென்று சுழலும். குறுக்குக் கம்பி கட்டைவிரலைப் பதம்பார்த்துவிடும்.

மேலே தேயிலைத் தொழிற்சாலை. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல், 1930-களில் கட்டியது. இன்றும் பழைய முறையிலேயே இலையை வாட்டி, உருட்டி, காயவைக்கிறார்கள். உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டம் என்று பெருமை பேசுகிறது பலகை. சூரிய உதயத்தைப் பற்றி ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் போன அன்று பனிமூட்டம். டீ நன்றாக இருந்தது.

இறங்கும்போது ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா கைப்பையோடு பின்னால் ஏறிக்கொண்டார். சூரியநெல்லி ஆஸ்பத்திரிக்காம், முட்டிவலி. இறக்கத்தில் அதே லோ, முதல் கியர். கிளட்சில் கால் படவே இல்லை. கிளட்சை மிதித்தால் இன்ஜினின் பிடி போய்விடும், பிறகு பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். விடாமல் பிரேக் மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும். எதிரே ஏறிவந்த ஜீப்புக்கு நாங்கள்தான் ஒதுங்கினோம். ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி இழுத்துக் கிளம்புவது பாடு என்பதால் இங்கே அதுதான் வழக்கம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்குத் தார் போட்டா என்ன தம்பி?” என்றேன்.

“போட்டா நீங்க உங்க கார்லயே வந்துருவீங்களே சார். எங்களுக்கு என்ன வேலை?” என்று சிரித்தார் ஓட்டுநர்.

பின்னாலிருந்து அந்த அம்மா விடவில்லை. “ஒனக்கென்னடா, நீ சீட்டுல ஒக்காந்திருக்க. தாரு போட்டா ஒரு பஸ்ஸாவது வரும்ல?”

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. அடுத்த கல் வந்துவிட்டது.

(தொடரும்)