லாரி நின்றால் கோழிக்கு ஆபத்து

விழுப்புரம் சாலையில் கறிக்கோழி லோடு ஏற்றிய லாரி ஓடிக்கொண்டிருக்கும்வரை கோழிகள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தை விட்டு இறங்கி, மூலக்குளம் நெரிசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டால் நிலைமை வேறு. மே மாதப் பகலில் புதுச்சேரி வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும். கோழியைக் கொல்வது அந்தக் கூட்டணிதான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சூடு ஏறினால் அலகைத் திறந்து இரைக்கும். மூச்சுப்பாதையின் ஈரம் ஆவியாகி வெப்பத்தை வெளியே கொண்டுபோகும். சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாவது மந்தப்படும். கோழி இன்னும் வேகமாக இரைக்கும். ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேற, ரத்தத்தின் காரத்தன்மை கூடும். இரைக்கிற தசைகளின் உழைப்பும் தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். உடல் வெப்பம் 46, 47 டிகிரியைத் தொட்டால் பிழைப்பது அரிது.

2 கிலோ கோழி ஒன்று வெளியிடும் வெப்பம் 10 வாட்டுக்குக் குறையாது. ஆயிரம் கோழி என்றால் 10 கிலோவாட். பத்து இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவிட்டு அணைக்காமல் வைத்ததற்குச் சமம்.

இந்த வெப்பம் லாரிக்குள் எங்கே தேங்குகிறது? 1990களில் பிரிட்டனில் மால்கம் மிட்செல், பீட்டர் கெட்டில்வெல் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். ஓடும் வண்டியில் காற்று முன்னாலிருந்து பின்னால் வீசும் என்றுதான் யாரும் நினைப்போம். பக்கவாட்டில் திரை போட்ட வண்டிகளில் நேர்மாறாக இருந்தது: காற்று பின்பக்கம் நுழைந்து, வண்டி போகும் திசையிலேயே முன்னோக்கி நகர்ந்தது. ஓட்டுநர் அறையை ஒட்டிய கூண்டுகளில்தான் சூடும் ஈரமும் அதிகம். நம் லாரிகளில் திரை இல்லை. ஆனால் நெருக்கி அடுக்கினால் நடுவரிசைக் கூண்டுகளுக்குக் காற்று எட்டாது. வண்டி நின்றால் கொஞ்சநஞ்சக் காற்றும் போய்விடும்.

சட்டம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள், ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது என்கின்றன; தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும், மாடு எஞ்சின் பக்கம் பார்த்து நிற்பது நல்லது என்பதுவரை சொல்கின்றன. 2001 திருத்தம் கோழிக்குத் தனி அத்தியாயம் தந்தது. சாலைப் பயணத்தில் ஒரு கூண்டின் மேல் இன்னொரு கூண்டை அடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது! அந்த வரியைப் படித்தபின் எந்தக் கோழி லாரியையும் பாருங்கள். யாருமே பின்பற்றாத விதியை எழுதி வைப்பதைவிட, 'அடுக்கலாம், ஆனால் வரிசைகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி விடு, வெயிலில் இவ்வளவு நேரத்துக்கு மேல் நிறுத்தாதே' என்று சொல்லியிருந்தால் பயன்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழிகளில் செலவு பெரிதில்லை. இரவில் ஏற்றி விடியுமுன் இறக்குவது. வெயில் காலத்தில் கூண்டுக்குச் சில கோழிகளைக் குறைப்பது. ஏற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துவது. செரிமானமும் சூட்டைக் கிளப்பும் வேலைதான். தண்ணீர் தெளிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஓடும் வண்டியில் நனைந்த இறகு குளிரும். நெரிசலில் காற்றில்லாமல் நிற்கும் வண்டியில் வாளி வாளியாக ஊற்றினால் கூண்டுக்குள் புழுக்கம்தான் ஏறும். கோழி இரைத்தும் பயனில்லாமல் போகும்.