குடியிலிருந்து மீள வைத்தியமும் உண்டு

 

மது ஹராம் என்பதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. அதனை இங்கு மீண்டும் நிறுவ வேண்டிய தேவையுமில்லை. ஆயினும், அறிந்திருந்தும் அதில் வீழ்ந்து, வெளியேறும் வழி தெரியாது தவிப்போர் நமது ஊர்களிலும் உள்ளனர். ஊரார் அறிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படுமே என்ற அச்சத்தினால், குடும்பத்தினர் அதனை வைத்தியரிடமும் மறைத்து விடுகின்றனர். மகனிடம் சத்தியம் வாங்கி, அறையில் அடைத்துக் கதவைப் பூட்டுவதே அவர்கள் அறிந்த சிகிச்சை.

எப்போதாவது குடிப்பவருக்கு அது ஆபத்தாக அமையாதிருக்கலாம். பல வருடங்களாக நாள்தோறும் சாராயமோ கசிப்போ அருந்தியவரின் நிலை வேறு. மதுசாரம் மூளையின் இயக்கத்தை அடக்குகின்றது. மூளையோ அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றது. மது திடீரென நின்றதும் அந்த வேகம் கட்டற்றுப் போகின்றது. 6 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். சிலருக்கு இரண்டு நாட்களுக்குள் வலிப்பு ஏற்படும். வேறு சிலர் இரண்டாம், மூன்றாம் நாளில் காய்ச்சலும் குழப்பமுமாக, இல்லாதவற்றைக் கண்டு அலறுவர். ஜின் பிடித்துவிட்டதென எண்ணி, ஓதிப் பார்க்க ஆள் தேடுவோரும் உண்டு. ஓதுவதை நான் தடுக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்தும் ஓதலாம். உரிய சிகிச்சையின்றேல் இந்நிலை உயிரைப் பறிக்கவும் கூடும். தௌபாச் செய்யும் அதே நாளில் வைத்தியரிடமும் செல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

வைத்தியர்கள் டயஸிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்து, சில நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவர். மூளையைப் பாதுகாக்கத் தயமின் எனும் விற்றமின் பி1 ஊசியும் ஏற்றுவர். "மயக்கம் தரும் மாத்திரை கூடுமா?" எனச் சிலர் வினவுகின்றனர். வைத்தியரின் மேற்பார்வையில், குறுகிய காலத்திற்கு, உயிரைக் காக்கக் கொடுக்கப்படும் மருந்தை இன்பத்திற்காக அருந்தும் மதுவுடன் ஒப்பிடுவது முறையன்று.

உடல் தெளிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் அங்குதான் அது ஆரம்பமாகின்றது. எந்த நண்பர், எந்த மாலைப்பொழுது, எந்த மனக்கவலை குடிக்கத் தூண்டுகின்றது என்பதை உளவள ஆலோசகருடன் அமர்ந்து ஆராய வேண்டும். ஆசையைத் தணிக்க நல்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோஸேற் ஆகிய மருந்துகளும் உள்ளன. டைசல்பிராம் என்பது வேறு வகை. அதனை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுப்பார். சில தாய்மாரும் மனைவியரும் இதனைச் சோற்றிலோ தேநீரிலோ இரகசியமாகக் கலந்து விடுகின்றனர். இது பேராபத்து. அறியாது குடிப்பவரின் இரத்த அழுத்தம் வீழ்ந்து மரணமும் நேரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டுமே அது கொடுக்கப்பட வேண்டும்.

இத்தனைக்குப் பின்னரும் சிலர் மீண்டும் குடித்து விடுகின்றனர். நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்று இதுவும் திரும்பி வரும் நோயே. மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டிக்கப்பட்ட தோழர் ஒருவரை இன்னொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதனைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தண்டனை நீங்கவில்லை, ஆனால் அவர் சமூகத்திலிருந்து துரத்தப்படவுமில்லை. மஹல்லா நிர்வாகிகள் இதனைச் சற்று ஆழ்ந்து சிந்திப்பார்களாக.

இன்னும் அடிமையாகாத வாலிபர்களுக்கு இத்தனை மருந்துகள் அவசியப்படாது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகளைக் கொண்டு வைத்தியர் நிலைமையை மதிப்பிடுவார். ஆரம்ப நிலையிலுள்ள பலருக்குச் சில நிமிட ஆலோசனையே பயனளிக்கின்றது.

அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இச்சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எனும் இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். வலிப்போ குழப்பமோ ஏற்பட்டால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். வைத்தியரிடம் எவ்வளவு குடித்தார், இறுதியாக எப்போது குடித்தார், முன்னர் வலிப்பு வந்ததா, வேறு போதைப்பொருள் பாவித்தாரா என்பவற்றை உள்ளபடி கூறுங்கள். வெட்கத்தினால் அளவைக் குறைத்துக் கூறினால், மருந்தின் அளவும் பிழைத்துவிடும்.