தகவல் துளி: அடுப்பு தந்த பெயர்

வட இந்தியாவில் அந்நாளில் சத்திரம் நடத்தியவருக்குப் ‘பட்டியாரா’ என்று பெயர். இந்தியிலும் உருதுவிலும் வழங்கிய சொல் இது. ‘பட்டி’ என்றால் பெரிய அடுப்பு, உலை. தானியம் வறுக்கும் சட்டியைக் குறிக்கும் ‘ப்ராஷ்ட்ர’ என்ற சமஸ்கிருதச் சொல்லே இதன் வேர். வழிப்போக்கருக்கு அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டவர், படுக்க இடமும் கொடுத்தார். அதனால் சமையல்காரரின் பெயரே விடுதிக்காரரின் பெயராயிற்று.

1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா, வங்காளத்திலிருந்து வடமேற்கு நோக்கிச் சென்ற பெருஞ்சாலையில் சராய்கள் என்னும் தங்குமிடங்களைக் கட்டினார். அத்தகைய சராய்களில் பயணிகளின் பசியாற்றியவர்கள் பட்டியாராக்களே. பெண்கள் நடத்தினால் ‘பட்டியாரின்’. பீகாரில் இன்றும் இது ஒரு சமூகத்தின் பெயர்.

கொல்கத்தாவிலும் அடுப்பிலிருந்துதான் ஒரு பெரிய விடுதி பிறந்தது. டேவிட் வில்சன் என்ற ஆங்கிலேயர் இங்கே முதலில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். 1840-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து ஹோட்டலைத் திறந்தார். கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து பிரபுவின் பெயர் அது. ஊர் மக்களுக்கோ அது ‘வில்சன் ஹோட்டல்’. பிறகு கிரேட் ஈஸ்டர்ன் எனப் புகழ்பெற்று, புதுப்பிக்கப்பட்டு 2013-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

சராய் ஆனாலும் நட்சத்திர ஹோட்டல் ஆனாலும், வந்தவருக்குச் சூடாகச் சோறு போடுவதே விருந்தோம்பலின் முதல் கடமை. பட்டியாரா என்ற பெயர் அதைத்தான் சொல்கிறது.